அரிசின மேலெ, குங்கும கெளகெ: கன்னடக் கொடியின் பின்னால் ஆறு நாள்

நாள் 1, அக்டோபர் 27: ஓசூர் – பெங்களூரு

ஓசூரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கொடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜூஜுவாடியைத் தாண்டி கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்குள் பேருந்து நுழைந்ததும் கண்ணில் படும் முதல் இரண்டு நிறம் அதுதான். மேலே மஞ்சள், கீழே சிவப்பு. ஆட்டோ நெற்றியில், பேக்கரி வாசலில், சினிமா போஸ்டருக்கு மேலே, பேருந்து நிலையக் கம்பத்தில் என்று எங்கும்.

என் மாமா லாரி ஓட்டுகிறவர். வண்டியின் டாஷ்போர்டில் ஆர்.சி. புத்தகத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவே இந்தக் கொடி ஒன்று நாலாக மடித்து எப்போதும் இருக்கும். காவிரிச் செய்தி சூடாகிறது என்று தெரிந்தால் எடுத்து முன் கண்ணாடியில் கட்டிக்கொள்வார். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் பெங்களூரில் எரிந்தபோது அவர் நெலமங்களா பக்கம் மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் கொடி இல்லாமல் எல்லை தாண்டியதே இல்லை.

ஒருமுறை அவசரத்தில் தலைகீழாகக் கட்டிவிட்டார். சிவப்பு மேலே போய்விட்டது. அத்திப்பள்ளியில் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் வந்து கண்ணாடியைத் தட்டினான். மாமாவுக்கு உயிரே போய்விட்டதாம். அவனோ, "அரிசின மேலெ, குங்கும கெளகெ அண்ணா" என்று சொல்லிவிட்டு, அவனே முடிச்சை அவிழ்த்துத் திருப்பிக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். மஞ்சள் மேலே, குங்குமம் கீழே. மாமா இதை நூறு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பையனின் வயது கொஞ்சம் குறையும்.

பயத்தின் அடையாளமாகவே பார்த்துப் பழகிய ஒரு கொடியை அதன் ஊரிலேயே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் லீவு போட்டேன். நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவம், அதாவது மாநிலம் உருவான நாள். அன்றைக்கு பெலகாவியில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நடுவே சில ஊர்கள். இதுதான் திட்டம்.

பெங்களூரில் சிக்பேட்டைச் சந்துகளில் கொடி வியாபாரம் களைகட்டியிருந்தது. கட்டுக் கட்டாக சாட்டின் துணி, குச்சியில் ஒட்டிய காகிதக் கொடி, கழுத்தில் போடும் துண்டு, கையில் கட்டும் பட்டை. கடைக்காரர் ராஜஸ்தானி. என்னிடம் இந்தியில் விலை சொன்னார், அடுத்தவரிடம் கன்னடத்தில், அதற்கடுத்தவரிடம் தமிழில். ஒரு கொடியை வாங்கி விரித்துப் பார்த்தேன். இரண்டு துண்டுத் துணி, நடுவே ஒரு தையல், ஓரத்தில் கயிறு நுழைக்க ஒரு மடிப்பு. அவ்வளவுதான். சக்கரம் இல்லை, எழுத்து இல்லை, படம் இல்லை. ஓர் ஊசியும் நூலும் இருந்தால் யாரும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். இந்தக் கொடி இவ்வளவு தூரம் பரவியதற்குப் பாதிக் காரணம் அந்த ஒற்றைத் தையல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை உருவாக்கியவர் மா. ராமமூர்த்தி. எழுத்தாளர், பத்திரிகைக்காரர், கன்னட இயக்கத்துக்காரர். 1960களின் பெங்களூரு இப்போதைய பெங்களூரு இல்லை. மாநிலம் 1956 நவம்பர் 1 அன்றே உருவாகியிருந்தாலும் பெயர் மைசூர்தான். 'கர்நாடகா' என்ற பெயர் 1973இல்தான் வந்தது. தலைநகரில் கன்னடத்துக்கே இடமில்லை என்ற மனக்குறை அப்போது பலமாக இருந்தது. தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதியில் தமிழும் ஆங்கிலமும் உருதும். பேட்டையில் தெலுங்கு. ராமநவமிக் கச்சேரிகளில் வெளியூர் வித்துவான்களுக்கே முதல் மரியாதை என்று அ.ந. கிருஷ்ணராவ் போன்ற எழுத்தாளர்கள் போராடினார்கள். அந்தச் சூட்டில் கிளம்பிய 'கன்னட பக்ஷ' என்ற கட்சிக்காக ராமமூர்த்தி செய்த கொடி இது. ஆமாம், முதலில் இது ஒரு கட்சிக்கொடி. அந்தக் கட்சியை இன்றைக்கு எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கொடியைத் தெரியாதவர் இல்லை. ராமமூர்த்தி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1967இல் கிணறு வெட்டும்போது நேர்ந்த விபத்தில் தன் இரண்டு மகன்களோடு இறந்துபோனார்.

அந்தப் போராட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்களில் என் தாத்தா தலைமுறையும் உண்டு. படிக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் தன் ஊரில் தன் மொழிக்கு இடமில்லை என்று ஒருவன் சொன்னால் அது புரியாத ஆளா நாம்?

நாள் 2, அக்டோபர் 28: மைசூரு

கொடியில் படம் இல்லை என்று நேற்று எழுதினேன். ஆனால் படம் வைத்த கொடி ஒன்றும் உண்டு. 2017இல் சித்தராமையா அரசு மாநிலத்துக்கென்று அதிகாரபூர்வக் கொடி வேண்டும் என்று 9 பேர் கொண்ட குழுவை அமைத்தது. 2018 மார்ச் 8 அன்று முதல்வர் அதை விரித்துக் காட்டினார். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை, அதில் மாநில அரசின் சின்னம். பெயர் 'நாட த்வஜ'. அந்தச் சின்னத்தின் நடுவே இருக்கும் கண்டபேரண்டம் என்ற இரட்டைத்தலைப் பறவையைத் தேடித்தான் மைசூருக்கு வந்தேன்.

தேடவே வேண்டாம். வந்த பேருந்தின் பக்கவாட்டிலேயே ஒட்டியிருந்தது. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சின்னத்திலும் கண்டபேரண்டம்தான். மைசூர்ப் பல்கலைக்கழகச் சின்னத்தில், மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் சின்னத்தில், எல்லாவற்றிலும் அதே பறவை.

அரண்மனையின் கிழக்கு வாசல் வளைவில் மைசூர் அரசர்களான உடையார்களின் முத்திரை இருக்கிறது. கூடவே சமஸ்கிருதத்தில் 'ந பிபேதி கதாசன'. ஒருபோதும் அஞ்சுவதில்லை என்று பொருள். அதை அண்ணாந்து பார்த்தபோது மாமாவின் டாஷ்போர்டு ஞாபகத்துக்கு வந்து சிரித்துவிட்டேன். இப்போதுள்ள அரண்மனை 1897இல் பழையது தீப்பிடித்ததும் தொடங்கி 1912இல் கட்டி முடித்தது. வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் இவர் கை உண்டு என்பதால், சிவப்பும் குவிமாடமுமாகப் பார்க்கும்போது எங்கோ பார்த்த மாதிரியே இருக்கும்.

உடையார்களுக்கு இந்தப் பறவை விஜயநகரத்திலிருந்து வந்தது. அச்சுதராயரின் பொற்காசுகளில் யானைகளை அலகிலும் காலிலும் கவ்விக்கொண்டு பறக்கும். இந்தப் பறவை தமிழுக்கும் புதிதில்லை. அகநானூற்றில் கபிலர் இருதலைப் புள்ளைச் சொல்கிறார். அங்கே அது யாரையும் கவ்வவில்லை. தலை இரண்டானாலும் உயிர் ஒன்று என்று, பிரியாத நட்புக்கு உவமையாக வருகிறது. அதே பறவை, ஓர் இடத்தில் தோழமை, இன்னோர் இடத்தில் யானையைத் தூக்கும் பலம். கொடிக்கு ராஜாக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்கவா வேண்டும்.

நாள் 3, அக்டோபர் 29: பேலூர்

காலைப் பேருந்தில் ஹாசன், அங்கிருந்து பேலூர். சென்னகேசவர் கோயிலைக் கட்டத் தொடங்கியவன் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன், 1117இல். தலக்காட்டில் சோழர்களைத் தோற்கடித்து 'தலகாடுகொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டவன். நம் வரலாற்றுப் புத்தகத்தில் 'கங்கைகொண்ட' பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, இங்கே வந்து நாமே 'கொள்ளப்பட்ட' பக்கத்தில் நிற்பது நல்ல அனுபவம்.

வாசலில் ஹொய்சளச் சின்னம்: சளன் என்ற வீரன் வாளோடு சிங்கத்தை எதிர்க்கும் சிற்பம். எல்லோரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டது வேறு. வழிகாட்டிப் பெரியவர் முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு "ஓ, அதா!" என்று சுவரோரமாகக் கூட்டிப்போய் விரலால் தொட்டுக்காட்டினார்.

ஒரு மான். அதை விழுங்கும் பாம்பு. பாம்பைத் தூக்கும் யானை. யானை மேல் பாயும் சிங்கம். சிங்கத்தைப் பிடிக்கும் சரபம் என்ற புராண விலங்கு. சரபத்தைப் பிடிக்கும் கண்டபேரண்டம். ஒன்றை ஒன்று விழுங்கும் வரிசை. தவறவிட்டுவிட்டு நடந்துபோய்விடக்கூடிய அளவுதான். கல் ஒருவித எண்ணெய்ப் பளபளப்போடு கறுத்திருந்தது. எத்தனை பேர் விரல் வைத்துக் காட்டியிருப்பார்களோ.

இந்த வரிசையில் ஒரு வம்பு இருக்கிறது. இரணியனைக் கொன்றும் கோபம் தணியாத நரசிம்மரை அடக்க சிவன் சரபமாக வந்தார் என்பது சைவர் கதை. அந்தச் சரபத்தை அடக்க நரசிம்மரே கண்டபேரண்டமாக மாறினார் என்பது வைணவர் பதில். கும்பகோணம் பக்கம் திருபுவனத்துக்குப் போனால் சரபேசுவரர்தான் கடைசி வார்த்தை, ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் கூட்டம் தாங்காது. பேலூரில் அவர் கடைசிக்கு முந்தியவர். கதையை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியவரிடம் திருபுவனம் பற்றிச் சொன்னேன். "அப்படியானால் சரபத்துக்கு மேலே உங்கள் ஊரில் ஒன்றுமில்லையா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

நாள் 4, அக்டோபர் 30: கெளதி, பள்ளிகாவி

நேற்று இரவே சாகரா வந்து தங்கினேன். காலையில் கெளதி. ராமேசுவரர் கோயில் மேற்கூரையில் கண்டபேரண்டம் இருக்கிறது, அலகிலும் நகங்களிலும் யானையும் சிங்கமுமாக. தரையில் மல்லாந்து படுத்துத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். படுத்தேன். அர்ச்சகர் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே படுப்பவர்கள் அதிகம் போல.

அங்கிருந்து சிராளகொப்பா வழியாக பள்ளிகாவி. இதற்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததே. சாளுக்கியர் காலத்தில் பெரிய நகரம், இன்றைக்குச் சோளக்காட்டு நடுவே அமைதியான கிராமம். இங்கே பனவாசி நாட்டை ஆண்ட சாமுண்டராயன் என்ற சிற்றரசன் 1047இல் எழுப்பிய கண்டபேரண்டத் தூண் இருக்கிறது. சுமார் 30 அடி உயரம். இங்கே கண்டபேரண்டத்துக்குப் பறவை உடல் இல்லை. மனித உடல், அதன் மேல் இரண்டு பறவைத் தலைகள். நகையெல்லாம் போட்டு, முழங்காலை மடக்கி, கடன் கேட்க வந்தவனை முறைக்கும் பண்ணையார் மாதிரி ஓர் உட்கார்வு. மைசூர் அரண்மனையின் மெருகு எதுவும் இல்லை. எனக்கு இதுதான் பிடித்தது.

தூண் அடியில் ஒரு பாட்டி சாணத்தட்டு காயப்போட்டிருந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். உள்ளங்கையில் கொஞ்சம் குங்குமம் கொட்டி நெற்றியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் கன்னத்தில் அன்றைக்குப் பூசிய மஞ்சள் இன்னும் திட்டுத் திட்டாக இருந்தது. கொடியின் நிறத்துக்கு விளக்கம் ஆளுக்கு ஆள் மாறும். மஞ்சள் அமைதி, சிவப்பு வீரம் என்பார்கள் மேடைகளில். இந்த மாதிரி ஊர்களில் கேட்டால் ஒரே பதில்தான்: அரிசின-குங்கும. வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் அம்மா எடுத்து நீட்டுவாரே, அதே தட்டு.

நாள் 5, அக்டோபர் 31: ஹுப்பள்ளி

ஹாவேரி வழியாக ஹுப்பள்ளி. பெங்கேரி என்ற பகுதியில் கர்நாடக கதர் கிராமோத்யோக சம்யுக்த சங்கம் இருக்கிறது. கதர்த் துணியில் தேசியக் கொடி செய்யும், தர நிர்ணய அமைப்பின் சான்று பெற்ற இடம். சங்கம் தொடங்கிய நாளும் ஒரு நவம்பர் 1, 1957ஆம் ஆண்டு.

பெரும்பாலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். துணி பாகல்கோட் பக்கத்திலிருந்து நெய்து வருகிறது. 9 அளவுகள். பெரியது 21 அடிக்கு 14 அடி, சிறியது 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். சக்கரத்தை வெள்ளைத் துணியின் இரண்டு பக்கமும் அச்சிட வேண்டும். முன்பக்கத்து 24 ஆரமும் பின்பக்கத்து 24 ஆரமும் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். ஒரு பெண் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, தலையசைத்து, அடுத்ததை எடுத்தார். நாட்டின் தரக் குறியீடுகளில் எண் 1 கொடிக்குத்தான். நிறம், நூல், தையல் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு இருக்கிறது.

சிக்பேட்டையில் வாங்கிய கன்னடக் கொடி பையில் இருந்தது. எந்த மஞ்சள், எந்தச் சிவப்பு என்று எந்தச் சட்டமும் இதற்குச் சொல்லவில்லை. மாநிலங்கள் கொடி வைத்துக்கொள்ளலாம் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் ஏர் பொறித்த சிவப்புக் கொடி இருந்தது, 2019இல் 370ஆம் பிரிவோடு அதுவும் போயிற்று. கர்நாடகாவில் 2012இல் அரசு அலுவலகங்களில் நவம்பர் 1 அன்று மஞ்சள் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்று அறிவித்தார்கள். உயர்நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது, அரசு பின்வாங்கியது. 2018 மார்ச்சில் வந்த மஞ்சள்-வெள்ளை-சிவப்புக் கொடிக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டிக் கோப்பு தில்லிக்குப் போனது. அடுத்த இரண்டு மாதத்தில் தேர்தல் வந்தது. கோப்பு போன இடத்திலேயே இருந்துவிட்டது.

நாமும் இந்த வழியில் போய் வந்தவர்கள்தான். 1970இல் கலைஞர் தமிழ்நாட்டுக்கு ஒரு கொடி வேண்டும் என்று, தேசியக் கொடியையும் கோபுரச் சின்னத்தையும் சேர்த்த ஒரு மாதிரியை தில்லியிலேயே வெளியிட்டார். எதிர்ப்பு கிளம்பியது, கொடி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று கிடைத்தது. சுதந்திர தினத்தன்று கோட்டையில் ஆளுநருக்குப் பதில் முதல்வரே தேசியக் கொடி ஏற்றலாம் என்று 1974இல் ஆனது. அது எல்லா மாநிலத்துக்கும் சேர்த்துத்தான்.

அரசு தந்த வெள்ளைப் பட்டைக் கொடியை இந்த ஐந்து நாளில் ஓர் ஆட்டோவில்கூட நான் பார்க்கவில்லை. நடுவே வெள்ளை எதற்கு என்று அப்போதே கன்னட அமைப்புகளில் ஒரு பகுதியினர் முகம் சுளித்தார்கள். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. அந்தச் சின்னத்தை வீட்டில் தைக்க முடியாது. இரட்டைத்தலைப் பறவை, இருபுறமும் யானைத்தலைச் சிங்கங்கள், மேலே அசோகச் சிங்கம், கீழே 'சத்யமேவ ஜயதே'. அதற்கு அச்சகம் வேண்டும்.

நாள் 6, நவம்பர் 1: பெலகாவி

எழுத நேரமில்லாத அளவுக்குச் சத்தம். ராணி சென்னம்மா வட்டத்தில் காலை 10 மணிக்கே நிற்க இடமில்லை. 1824இல் வெள்ளைக்காரனை எதிர்த்த கித்தூர் ராணி குதிரை மேல் வாளோடு நிற்க, சுற்றிலும் மஞ்சள் சிவப்பு. லாரிகளில் ஒலிபெருக்கி கட்டி ஆட்டம். கழுத்தில் துண்டு, தலையில் துண்டு, நாயின் கழுத்தில்கூட ஒரு துண்டு. பெங்களூரில் ராஜ்யோத்சவம் ஒரு விடுமுறை, இங்கே அது ஒரு பந்தயம்.

ஏனென்றால் இதே நாளை இதே ஊரில் மராட்டியர்கள் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். மொழிவாரி மாநிலம் பிரித்தபோது பம்பாய் மாகாணத்திலிருந்த பெலகாவி மைசூரோடு சேர்ந்தது தவறு என்பது ஊரை மகாராஷ்டிரத்தோடு சேர்க்கக் கோரும் மகாராஷ்டிர ஏகீகரண சமிதியின் வாதம். 1967இல் எல்லைத் தகராறை விசாரித்த மகாஜன் கமிஷன் ஊர் கர்நாடகத்துக்கே என்றது, மகாராஷ்டிரம் ஏற்கவில்லை, 2004இல் உச்சநீதிமன்றம் போனது. இந்தச் சண்டை முழுக்கக் கொடி வழியாகவே நடக்கிறது. மாநகராட்சிக் கட்டடத்தில் பல காலம் மராட்டியர்களின் காவிக்கொடி பறந்தது. 2020 டிசம்பரில் கன்னட அமைப்பினர் அதன் வாசலிலேயே கம்பம் நட்டு மஞ்சள் சிவப்பை ஏற்றினார்கள். அடுத்த டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் கன்னடக் கொடி எரிக்கப்பட்டது, இங்கே கலவரம். இவ்வளவுக்கும் நடுவே கோட்டை ஏரிக்கரையில் 110 மீட்டர் கம்பம் ஒன்று, அதில் தேசியக் கொடி. அதன் உயரத்துக்கு இரண்டு பேருமே போட்டி போட முடியாது.

பழைய நகரத்துக்குள் நடந்தேன். பாதிக் கடை மூடியிருந்தது. தெருமுனைக்குத் தெருமுனை போலீஸ். திறந்திருந்த ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் உள்ளே மனைவியிடம் மராட்டியில் பேசினார், என்னிடம் கன்னடத்தில். கொடி எதுவும் கட்டவில்லையா என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டினார். சில்லறைக்குப் பக்கத்தில் இரண்டு துணி, நாலாக மடித்து. ஒன்று மஞ்சள் சிவப்பு, ஒன்று காவி. "எந்த ஊர்வலம் முதலில் வருகிறதோ பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

மாமாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். "எனக்காவது ஒண்ணு போதும்" என்றார்.

சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பையன், எட்டு ஒன்பது வயதிருக்கும், சைக்கிள் கைப்பிடியில் கொடியைக் கட்டிக்கொண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தான். ஊர்வலத்திலிருந்து பொறுக்கியதாக இருக்கும், ஓரமெல்லாம் மண். சிவப்பு மேலே இருந்தது.

கூப்பிட்டேன். பிரேக் போட்டு நின்றான். அயலூர்க்காரன் முகம் தெரிந்ததோ என்னவோ, கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்தான்.

"அரிசின மேலெ, குங்கும கெளகெ" என்றேன்.

கொடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, அவன் நகத்துக்கு வரவில்லை. நான் குனிந்து அவிழ்த்துத் திருப்பிக் கட்டிக்கொடுத்தேன். மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டான்.